கண்ணாரப் பார்க்காத மரம்

தில்லையம்பலத்தான் துணை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பதினெட்டு வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள், எனக்கு எழுத்து வராது என்று மற்றவர்களிடம் சாக்குச் சொன்னேன். நிஜம் அது இல்லை. பெற்ற தாய் சாமி பேரைச் சொல்லி ஒரு பொய் சொன்னாள் என்று மகளே தன் கையால் எழுதுவதா என்பதுதான் தடை. சன்னதியில் நின்று ‘எழுதட்டுமா’ என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். தூக்கிய திருவடி தூக்கியபடியே இருந்தது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

போன மாசம் தம்பியின் பேரனுக்குக் காது குத்தினார்கள். பந்தியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தம்பி அந்தக் கதையைச் சொன்னான். அக்காவுக்குச் சின்ன வயசில் பார்வையே போய்விட்டதாம். அம்மா பிச்சாவரத்துக் காட்டுக்குள் படகில் போய்த் தில்லை மரத்தைக் கண்டு விழுந்து கும்பிட்டாளாம். அந்த நிமிஷமே அக்காவுக்குக் கண் திறந்துவிட்டதாம். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் இலையில் பாயசத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தம்பி அப்போது பிறக்கவே இல்லை. விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான், நானும் வாயை மூடிக்கொண்டு போய்விட்டால் இந்தக் கதைதான் மிஞ்சும். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயசு. அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். சிதம்பரத்தில் கீழ வீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தேங்காய், கற்பூரம், விபூதி விற்கிற சின்னக் கடை. காலையில் கோயில், பிறகு கடை, சாயரட்சைக்குக் கோயில், மறுபடி கடை. அப்பா பொய் சொல்ல மாட்டார். மகள் பெருமைக்காகச் சொல்லவில்லை, வீட்டில் அது ஒரு தொந்தரவாகவே இருந்தது. கடைக்கு வந்தவர் இந்தக் காய் அழுகியிருக்காதே என்று கேட்டால், உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்பார்.

அம்மா குறிஞ்சிப்பாடிப் பெண். கல்யாணமாகி வந்து பத்து வருஷத்தில் அவள் போன தூரம் எல்லாம் கோயில், பிறந்த வீடு, வடலூர். வடலூருக்கும் என்னால்தான் போனாள். எனக்கு ஆறு வயசில் கண் வலி வந்தது. பத்து நாள் இமை பிரியவில்லை. அம்மா ராத்திரி முழுக்க நந்தியாவட்டைப் பூவை நனைத்து நனைத்துக் கண்மேல் வைத்தாள். சரியானால் பிள்ளையைத் தைப்பூசத்துக்குக் கூட்டிவந்து ஜோதி பார்க்க வைக்கிறேன் என்று அப்பா வடலூருக்கு வேண்டிக்கொண்டார். பழனிக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டதற்கு அம்மா கூடாது என்றுவிட்டாளாம். ஒரு நோவுக்கு ஒரு வேண்டுதல்தான், ரெண்டு இடத்தில் கேட்டால் அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும் விட்டுவிடுவார்கள் என்றாளாம். கண் சரியாயிற்று. பூசத்துக்குப் போனோம். திரைகள் ஒவ்வொன்றாக விலக, ஜோதி பார்த்தோம். அந்தக் கதை அத்தோடு முடிந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா. அப்பாவுக்கு ஒரே அண்ணன். கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், மல்லாட்டை மண்டி வைத்திருந்தார். வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சர் வண்டியில் வந்து இறங்குவார். ஒரு கையில் வறுத்த மல்லாட்டைப் பை, இன்னொரு கையில் தடி. தம்பி வீட்டில் அந்த மாசம் நடந்தது, அடுத்த மாசம் நடக்கப்போவது எல்லாவற்றையும் கேட்டு, சரி, கூடாது என்று சொல்லிவிட்டு மாலை வண்டிக்குப் போய்விடுவார். அவரைக் கேட்காமல் அப்பா சுவருக்குச் சுண்ணாம்புகூட அடித்ததில்லை.

அம்மா பெரியப்பாவோடு நேருக்கு நேர் பேசக்கூடாது. அது அந்நாள் முறை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னிடம் சொல்வாள், நான் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டும். அவர் என்னிடம் சொல்வார், நான் திரும்பி அம்மாவிடம் சொல்ல வேண்டும். நடுவில் இருந்தது ஒரு கதவுதான். ரெண்டு பேருக்கும் எல்லாம் கேட்கும். இருந்தாலும் நான் ஒரு வார்த்தை விடாமல் சொல்லுவேன். மாற்றிச் சொன்னால் பெரியப்பா அதட்டுவார். இப்படித்தான் நான் உள்ளதை உள்ளபடி சொல்கிற பிள்ளை என்று பெயர் வாங்கினேன்.

இந்த வீட்டுக்குள்தான் மாமா அந்த வார்த்தையைக் கொண்டுவந்து போட்டார்.

மாமா அம்மாவின் தம்பி. கடலூரில் ஒரு வலைக்கயிறு கடையில் வேலை. கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து மீன்காரர்கள் எல்லாம் அவருக்குப் பழக்கம். அவர்களில் ஒருவரோடு படகில் பிச்சாவரத்துக் காட்டுக்குள் போய்வந்திருக்கிறார். இன்று போல அங்கே டிக்கெட் கொடுக்கிற இடமோ கூட்டமோ அன்றைக்குக் கிடையாது. தெரிந்த படகுக்காரர் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் இல்லை. மாமா சாப்பிட உட்கார்ந்து, சோற்றில் கை வைக்காமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள்ளேயே காடு நிற்கிறது, மரமெல்லாம் வேரை ஊன்றி எழுந்து நிற்கிறது, காட்டுக்குள் தெருத்தெருவாகத் தண்ணீர் ஓடுகிறது, மேலே கிளை சேர்ந்து பந்தல் போட்ட மாதிரி இருக்கிறது. அம்மா ரசக் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

“தெருவா? தண்ணியிலயா?”

“நம்ப கோயிலச் சுத்தி இருக்கிற நாலு வீதியும் தோத்துது போ அக்கா. மாமா, இங்க இருக்கிற கிள்ளை. எல்லாரும் உல்லாசமா ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்” என்றார், பாதியில் அப்பா பக்கம் திரும்பி.

அன்றைக்குப் பெரியப்பா வந்திருந்த ஞாயிறு. கூடத்தில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் உல்லாசம் என்பது ஒரே ஒரு ஆளைப் பற்றிப் பேசும்போதுதான் வரும். அடுத்த சந்தில் சீட்டாடிச் சொத்தைத் தொலைத்த ஒருவரைப் பெரியப்பா ‘உல்லாசப் பேர்வழி’ என்பார். அந்தப் பேர்வழி வீட்டு வாசலைக் கடக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். இப்போது மாமா அந்த வார்த்தையை எங்கள் எல்லோர்மேலும் பூசிவிட்டார்.

பெரியப்பா மாமாவைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

“கும்புட போறியா, காசி வரைக்கும் போ. நா குறுக்க நிக்க மாட்டேன். உல்லாசத்துக்குன்னா நம்ப வூட்டுப் பொம்பளைங்க தெருக்கோடிகூடத் தாண்ட வேணாம்.”

அப்பா சரி அண்ணே என்றார். மாமா தலையைக் குனிந்து சாப்பிட்டார். அம்மா உள்ளே போய்விட்டாள். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அம்மா அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் அடுத்த ஒரு மாசம் அந்தப் படகு எங்கள் வீட்டைச் சுற்றியே வந்தது. அப்பாவுக்குச் சோறு போடும்போது, கிள்ளைக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று சும்மா கேட்பாள். மோருக்கு வரும்போது, படகு கவிழ்ந்து அந்தப் பக்கம் யாராவது செத்திருக்கிறார்களா என்பாள். கேள்விப்பட்டதில்லை என்பார் அப்பா. அப்படியென்றால் பயமில்லை என்று சொல்லிவிட்டு இலையை எடுத்துக்கொண்டு போவாள். எனக்குப் பின்னல் போடும்போது தண்ணீர்த் தெருவில் ரெண்டு படகு எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்குவார்கள் என்று என்னைக் கேட்டாள். எனக்கும் ஆசை ஏறிவிட்டது. அப்பா ஒரு நாள் கை கழுவிக்கொண்டே, அண்ணன் கூடாது என்று சொன்ன பிறகு நான் என்ன சொல்ல முடியும் என்றார். அம்மா, “உங்கள யாரு சொல்லச் சொன்னது?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் முகத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. நந்தியாவட்டையும் கையுமாகப் பத்து ராத்திரி உட்கார்ந்திருந்தவளுக்கும் இந்த முகமாகத்தான் இருந்திருக்கும். நான் கண்ணை மூடிக்கிடந்ததால் அப்போது பார்க்கவில்லை.

அடுத்த முறை பெரியப்பா வந்தார். மாமாவும் வந்திருந்தார். பெரியப்பா காபி குடித்து முடித்தார். கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

“பெரியப்பாகிட்ட சொல்லு. உனக்குக் கண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடந்தப்ப அம்மா ஒண்ணு வேண்டிக்கிட்டேன்னு சொல்லு. நம்ப ஊருக்கே பேரு குடுத்த தில்லை மரம் இப்ப ஊர்ல இல்ல, பிச்சாவரத்துலதான் இருக்குது. புள்ளைய அங்க கூட்டிக்கிட்டுப் போயி, அவளும் நானும் அந்த மரத்தக் கண்ணாரப் பாத்து, கற்பூரம் காட்டி, தேங்கா ஒடைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். ரெண்டு வருசமா அது அப்பிடியே நிக்குது.”

நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கண்ணார என்பதையும் விடவில்லை.

பெரியப்பா தடியைத் தரையில் ரெண்டு தட்டுத் தட்டினார். அவருக்குத் தில்லை மரத்தைப் பற்றித் தெரியும். கிளையை ஒடித்தால் பால் வரும், அது பட்டால் கண் போய்விடும். அதனால் என்னிடம் சொன்னார்:

“கண்ணக் கெடுக்கிற மரத்துக்கிட்டயா கண்ணுக்கு வேண்டிக்கிட்டான்னு கேளு உங்கம்மாவ.”

நான் திரும்பி வாய் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்துவிட்டது.

“கெடுக்கிறவுங்ககிட்டதான கெடுக்காதன்னு கேக்க முடியும்னு சொல்லு.”

சொன்னேன். மாமா இருமினார். பெரியப்பா அப்பா பக்கம் திரும்பி, இவள் வேண்டிக்கொண்டது உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. கதவைப் பார்த்தார். கதவிடுக்கில் அம்மாவின் விரல் நாலும் தெரிந்தன, கதவின் விளிம்பைப் பிடித்தபடி. பிறகு அப்பா சொன்னார்:

“வேண்டிக்கிட்டேன்னு அவ சொல்றா அண்ணே. நானும் காதால கேட்டேன்.”

இப்போதுதானே கேட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதையும் சொல்லலாமா என்று யோசித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, விட்டுவிட்டேன்.

சாமி காரியம் என்று ஆனபின் பெரியப்பா குறுக்கே நிற்பவர் இல்லை. காசி வரைக்கும் போ என்று சொன்னவர் கிள்ளைக்குப் போகாதே என்று எப்படிச் சொல்வார்? வேண்டுதலை நிற்க வைப்பது தப்பு, மாசிக்குள் முடித்துவிடச் சொல் என்றார். கடையை விட்டுவிட்டு அப்பா வர முடியாது, மாமா கூட்டிப்போகட்டும் என்று முடிவாயிற்று. அம்மாவின் நாலு விரலும் கதவிலிருந்து மறைந்தன.

போகிற அன்று அப்பா கடையிலிருந்து நல்ல காயாக ஒன்றைத் தட்டிப் பார்த்து எடுத்து, கற்பூரத்தோடு கூடையில் வைத்தார். பாசஞ்சரில் கிள்ளைக்கு, அங்கிருந்து மாட்டுவண்டி. வண்டியில் மாமா எனக்கு விளையாட்டாகப் பயம் காட்டிக்கொண்டு வந்தார். அந்த மரத்தின் கீழே படுத்த ஒருவன் எழுந்தபோது வெள்ளைக் குச்சியோடுதான் எழுந்தானாம். ஒரு தடவை கண் ஒட்டிக் கிடந்தவளுக்கு இதெல்லாம் விளையாட்டா? படகுத்துறைக்குப் போவதற்குள் ஒரு தீர்மானம் செய்துகொண்டேன். மரம் வருகிறது என்று யாராவது சொன்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வது.

படகுக்காரர் அந்தப் பக்கத்து மீனவர், முண்டாசு கட்டிய கறுத்த மனிதர். நீண்ட கழியை ஊன்றித் தள்ளினார். முதலில் அகலமான தண்ணீர். பிறகு சட்டென்று ஒரு திருப்பம், காடு எங்களை உள்ளே வாங்கிக்கொண்டது. மாமா பொய் சொல்லவில்லை. ரெண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் வேர்க்கால்களை ஊன்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றன. வெயில் பச்சையாக விழுந்தது. கழி தண்ணீரில் இறங்குகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

அம்மா முதலில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு கெட்டியாக உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கூடையைக் கீழே வைத்தாள். பிறகு கையைத் தண்ணீரில் விட்டாள். விரலை நக்கிப் பார்த்துவிட்டு, உப்பு என்று என்னிடம் சொன்னாள், ஏதோ ரகசியம் சொல்வதுபோல. ஒரு மீன் துள்ளிப் படகுக்குள் விழுந்து, துடித்து, மறுபடி வெளியே போயிற்று. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாவுக்கு அப்படி ஒரு சிரிப்பு உண்டு என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒவ்வொரு திருப்பத்துக்கும் பெயர் வைத்தாள். இது கீழ வீதி. இது தெற்கு வீதி. இது மேல வீதி. வடக்கு வீதிக்கு வந்தபோது படகு ரொம்பக் குறுகின வழியில் போயிற்று, கிளை தலையைத் தடவியது. அம்மா குனியாமல் நிமிர்ந்தே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

“இந்த நாலு வீதியிலயும் எங்க போற, எதுக்குப் போறன்னு கேக்க ஒரு ஆளு இல்ல பாரேன்.”

எனக்கு அது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் படகுக்காரர் குரல் கொடுத்தார். “அந்தாண்ட மேட்டுல பாருங்கம்மா, கெழட்டுத் தில்ல. வர்றவங்க கற்பூரம் காட்டுறது அதுக்குத்தான். கும்புட்டுக்குங்க.” நான் கண்ணை மூடினேன். உள்ளங்கையாலும் மூடிக்கொண்டேன். தூரம் போயிருக்கும் என்று நம்பிக்கை வந்தபிறகு விரலிடுக்கில் பார்த்தேன். அம்மா எதிர்ப்பக்கம் சாய்ந்து, தண்ணீருக்குள் இறங்கிய ஒரு மீன்கொத்தி மேலே வருவதற்காக மூச்சு விடாமல் காத்துக்கொண்டிருந்தாள். படகுக்காரர் சொன்னது அவள் காதில் விழவே இல்லை.

மாமாதான் ஞாபகப்படுத்தினார். திருப்பலாமா என்றால், கடல் இறங்கித் தண்ணீர் வற்ற ஆரம்பித்துவிட்டது, இப்போது திருப்பினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும், இனிமேல் வேறு வழியாகத்தான் துறைக்குப் போக வேண்டும் என்றார் படகுக்காரர். கரையில் இறங்கினபோது அம்மா கூடையைப் பார்த்தாள். தேங்காய் மூன்று கண்ணாலும் அவளைப் பார்த்தது.

அப்பா கூடையை வாங்கினார். உடையாத காயையும் எரியாத கற்பூரத்தையும் பார்த்தார். காயை எடுத்துப் பூஜை மாடத்தில் வைத்தார்.

அடுத்த ஞாயிறே பெரியப்பா வந்துவிட்டார், முறை நாள்கூட இல்லை. உட்கார்ந்ததும் அம்மாவையும் கேட்கவில்லை, அப்பாவையும் கேட்கவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார். மல்லாட்டை ஒரு கை கொடுத்தார்.

“மரத்தப் பாத்தியாடா கண்ணு?”

“நான் கண்ண மூடிக்கிட்டேன் பெரியப்பா.”

“உங்கம்மா?”

கதவுப் பக்கம் பார்த்தேன். அம்மா எதையும் சொல்லியனுப்பவில்லை. சொல்லியனுப்பினால்தானே மாற்றாமல் சொல்ல முடியும். அதனால் நான் பார்த்ததைச் சொன்னேன்.

“அம்மா பாக்கல. மீன்கொத்தி பாத்துக்கிட்டிருந்தாங்க. சிரிச்சிக்கிட்டே இருந்தாங்க.”

உடைத்த மல்லாட்டையை வாயில் போடலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. பெரியப்பாவின் முகம் மெதுவாக மாறியது. “அப்ப எதுக்குப் போனாங்களாம்?” என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. ஆனால் அது கூடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது எனக்கே தெரிந்தது, உல்லாசம். கதவிடுக்கில் விரல்கள் இல்லை. இனிமேல் அம்மா குறிஞ்சிப்பாடிக்குக்கூடப் போகமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. எதனால் தோன்றியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்பா எழுந்தார். மாடத்திலிருந்த தேங்காயை எடுத்துவந்து பெரியப்பாவின் முன்னால் வைத்தார்.

“அப்ப வேண்டுதல் நிக்குது அண்ணே” என்றார்.

ஏதோ ஓரமாகவாவது மரம் கண்ணில் பட்டிருக்கும், படகு அதைத் தாண்டித்தானே போனது, அது போதாதா என்று பெரியப்பா கேட்டார். அப்பா தலையை ஆட்டினார்.

“கண்ணாரன்னு இல்ல வேண்டியிருக்கா. ஓரத்துல பட்டதெல்லாம் கண்ணாரன்னு ஆவுமா? சாமிகிட்ட சொன்ன வார்த்தைய நம்ப கொறைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க. இன்னொரு தடவ போயித்தான் ஆவணும். இந்த வாட்டி நானே கூட்டிக்கிட்டுப் போறேன்.”

அண்ணனுக்கு எதிரே அப்பா அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை. பெரியப்பா தேங்காயைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், தடியைத் தேடினார். வேண்டுதல் நிற்கக்கூடாது என்று போன மாசம் சொன்னவர் அவர்தான். போய் வா என்றார். கொல்லைப் பக்கம் போன நான் அம்மாவைப் பார்த்தேன். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. நான் சொன்னதால் அழுகிறாள் என்று நினைத்து நானும் அழ ஆரம்பித்தேன்.

பங்குனியில் போனோம். மாமா வரவில்லை, நாங்கள் மூன்று பேர். புதுக் காய், புதுக் கற்பூரம். அப்பா கையில் கறுப்புக் குடை. வண்டியிலும் விரிக்கவில்லை, துறையில் கொளுத்துகிற வெயிலிலும் விரிக்கவில்லை. நான் இந்தத் தடவை கண்ணை மூடுவதில்லை என்று சாமி மேல் ஆணையாக முடிவு செய்திருந்தேன். என்னால்தானே இத்தனை சங்கடம். அம்மா பழையபடி கையைத் தண்ணீரில் விட்டாள். அப்பாவுக்குக் கீழ வீதி, தெற்கு வீதி எல்லாம் காட்டினாள். மேல வீதி இவ்வளவு அகலம் இல்லையே என்றார் அப்பா. அவர் எதையும் கூட்டிச் சொல்ல மாட்டார். ஆனால் வேட்டி நுனி தண்ணீரில் நனைவது தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

வடக்கு வீதி வந்தது. நிழல். கிளைகள் பந்தலாக மூடியிருந்தன, தலைமேல் ஒரு பொட்டு வெயில் இல்லை. “அந்தாண்ட மேட்டுல பாருங்கய்யா, தில்ல” என்றார் படகுக்காரர்.

நான் கண்ணை அகல விரித்துத் திரும்பினேன். அதே நேரம் படக்கென்று ஒரு சத்தம். அப்பா குடையை விரித்து மேட்டுப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தார். கறுப்புத் துணி தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“அப்பா, மரத்த மறைக்குது!”

“வெயிலு ஜாஸ்தியா இருக்குது பாப்பா. அம்மாவுக்கு ஆவாது.”

வெயில் எங்கே என்று நான் மேலே பார்த்தேன். பொய்யே பேசாத அப்பாவுக்கு வெயில் எது நிழல் எது என்றுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அம்மாவைப் பார்த்தேன், அவளாவது சொல்வாள் என்று. அம்மா மரம் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. குடைக்கம்பியைப் பிடித்திருந்த அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகுக்காரர் நிறுத்தட்டுமா என்று கேட்டார். தண்ணீர் வற்றுவதற்குள் போக வேண்டாமா, தள்ளப்பா என்றார் அப்பா.

தேங்காய் மறுபடி வீட்டுக்கு வந்தது. அடுத்த முறை பெரியப்பா கேட்டபோது, குடை மறைத்துவிட்டது என்று நான் உள்ளபடியே சொன்னேன். வேண்டுதல் நிற்கிறது என்றார் அப்பா.

எட்டு வருஷம், எனக்குக் கல்யாணமாகும்வரை போய்வந்தோம், வேண்டுதல் நின்றபடியே நின்றது. மாசியோ பங்குனியோ, வருஷம் ஒரு தடவை போனோம். கடைசி ரெண்டு தடவை கைக்குழந்தையாகத் தம்பியையும் தூக்கிக்கொண்டு போனோம், அவனுக்கு நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் வடக்கு வீதியில் குடை விரிந்தது. மூன்றாம் வருஷத்தோடு பெரியப்பா கேட்பதை நிறுத்திக்கொண்டார். போகிற வாரம் மட்டும் ஒரு பை மல்லாட்டை அதிகமாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, படகில் தின்னச் சொல் என்பார். அவருக்கு என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எனக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று. கல்யாணமாகி, என் பிள்ளைக்கு உடம்புக்கு வந்து, நான் ரெண்டு கோயிலுக்கு வேண்டிக்கொண்டதைக் கேட்டு அம்மா வந்து கோபித்துக்கொண்ட அன்று, ஒரு நோவுக்கு ஒரு வேண்டுதல்தான் என்று மறுபடியும் அவள் வாயால் கேட்ட அன்றுதான், கையிலிருந்த விபூதியை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் பிச்சாவரத்து வேண்டுதல்? கதவைப் பார்த்தபடி அப்பா பேசாமல் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அம்மாவை நான் கேட்கவில்லை. கேட்கிற விஷயமா அது?

அப்பா போய் ரெண்டு வருஷம் கழித்து, தம்பி அம்மாவைப் பிச்சாவரத்துக்குக் கூப்பிட்டான். இப்போது மோட்டார் படகு, டிக்கெட், நிழலுக்குக் கூரை எல்லாம் வந்துவிட்டது, நீ கும்பிட்ட மரத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வரலாம் வா என்று எவ்வளவோ சொன்னான். அம்மா அசையவில்லை. அவன் போனபிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்:

“கொட பிடிக்க ஆளு இல்ல. போனா மரம் தெரிஞ்சிடும்.”

அந்த மாசியே அவளும் போய்விட்டாள். அதற்குப் பிறகு வந்த பதினெட்டு வருஷம்தான் நான் ஆரம்பத்தில் சொன்னது.

பொய் வேண்டுதல் பாவம் இல்லையா என்று என் பக்தியை அறிந்தவர்கள் கேட்கலாம். எனக்குப் படிப்பு போதாது. அம்மா சொன்னபோது அது பொய்யாக இருந்திருக்கலாம். அண்ணனுக்கு எதிரே தேங்காயை வைத்து அப்பா ஏற்றுக்கொண்ட நிமிஷத்திலிருந்து அது மெய்யான வேண்டுதல் என்றுதான் நான் நம்புகிறேன். மற்றதைத் தில்லையில் ஆடுகிறவன் பார்த்துக்கொள்வான். அவன் ஆடுவதை ஆனந்தம் என்கிறோம், யாரும் அவனை எதற்கு ஆடுகிறாய் என்று கேட்பதில்லை.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் நான் பெரியப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்று சொன்னேனே, அந்த மாதிரி சொல்லுங்கள். என் கண் நந்தியாவட்டையாலும் வடலூர் ஜோதியாலும் சரியாயிற்று. அம்மா படகில் போனது போக வேண்டும் என்று ஆசைப்பட்டதால். மீன் துள்ளியதைச் சொல்லுங்கள், குடையைச் சொல்லுங்கள். அம்மா அந்த மரத்தைப் பார்த்தாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் ரெண்டு பேரும் அவ்வளவு பாடுபட்டு நிற்க வைத்தது அது. நிற்கட்டும்.